தாடி எடுக்காத குத்துச்சண்டைக்காரன்

மட்டக்களப்பு வாவியைச் சுற்றி எங்கே தேடினாலும் இவனைப்போல மரியாதையாக மூக்கை உடைக்கிற மனிசன் கிடைக்கமாட்டான். ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் "குறை நினையாத மச்சான்" என்பான். பிறகுதான் கை வரும். புத்தியுள்ளவன் அதற்குள் குனிந்துவிடுவான். நான் குனியவில்லை. ஒரு பல் போனது.

வாழைச்சேனை ஐஸ் ஆலையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை. அவனுடைய சொந்தப் பெயரை எல்லாரும் மறந்து, "குறைநினையாத" என்றே கூப்பிட்டோம்.

யுத்தம் முடிந்து டவுனில் குத்துச்சண்டைப் போட்டி என்றதும் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். உண்மையில் குத்துச்சண்டை பழகியவன் அவனுடைய தம்பி. கதிரவெளியில் சுனாமி கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. மிஞ்சியது ஒரு சோடி கையுறை. அன்றைக்குத் தாடி விட்டவன்தான் இவன், நெஞ்சுவரை வந்துவிட்டது.

"உனக்கென்னத்துக்குடா இந்த வயசில?" என்று ஏசினேன்.

"கையுறை சும்மா தொங்குது மச்சான். அவன் வரக்குள்ள பூஞ்சணம் பிடிச்சிருந்தா என்னைத்தான் ஏசுவான்."

பயிற்சி தொடங்கியது. சாக்கில் உமியை அடைத்து மரத்தில் கட்டிக் குத்தினான். சாக்கிடமும் குறை நினையாத என்றான். விடிய ஓடப் போவான். ஆமிக்காரரின் சென்றிப் பொயின்ற் வந்ததும் ஓட்டம் நிற்கும். அதில் ஓடினால் என்ன நடக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அடையாள அட்டையைக் காட்டி, "குறை நினையாதீங்க மாத்தயா" என்று மெல்ல நடந்து தாண்டி, மறுபடி ஓடுவான். மாதக்கணக்கில் இதே கூத்து.

போட்டியன்று மேடைக்குப் பக்கத்தில் ஒரு அதிகாரி மறித்தார். "தாடியோட ஏற ஏலாது. சட்டம்."

எனக்கு விசர் வந்தது. பெயர் எழுதும்போது இவர்களுக்குக் கண் இல்லையா? கத்திப் பார்த்தேன், பலனில்லை. கடைக்கு ஓடிப்போய் ஒரு பிளேட் வாங்கி வந்தேன்.

"வழிச்சிட்டு ஏறு. மயிர்தானேடா, மறுகா வளரும்."

அவன் பிளேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். "அவன் வந்தாத்தான் வழிப்பன் எண்டு அம்மாளுக்கு நேர்த்தி வச்சிருக்கன் மச்சான். இப்ப வழிச்சா, அவன் இனி வரமாட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி."

வரமாட்டான் என்பது ஊருக்கே தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. கண்டதையும் சொல்கிற வாய் எனக்கு. அன்றைக்குப் பிளேட்டைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"குறை நினையாதீங்க ஐயா" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினான். எதிராளியின் கையைத் தூக்கி, வென்றான் என்றார்கள். உன்னிச்சைப் பக்கத்து வயல்காரன் அவன்.

அடுத்த நாள் காலை அந்த வயல்காரன் மோட்டார் சைக்கிளில் ஐஸ் ஆலைக்கு வந்து நின்றான். முகம் கடுகடு என்றிருந்தது.

"சண்டை பிடிக்காம கப் எடுத்தவன் எண்டு வயல் வட்டைக்குள்ள வேலை செய்யிறவனெல்லாம் சிரிக்கிறான். வாங்கண்ணன், ஒருக்காப் பாப்பம்."

ஆலை முற்றத்து ஈரச் சீமெந்தில் சண்டை. மணிக்குப் பதிலாக நான் இரும்புத் தொட்டியில் தட்டினேன். இரண்டு பேரும் அடித்ததைவிட வழுக்கி விழுந்ததுதான் அதிகம். வந்தவன் புத்திசாலி. "குறை" என்ற சொல் கேட்டதும் குனிந்தான். நம்மவன் தோற்றான். வாய் கிழிந்து, சிரித்துக்கொண்டே தோற்றான். பிறகு கையுறையைத் துடைத்து வெயிலில் காயப்போட்டான்.

தாடி இன்னும் இருக்கிறது. வெள்ளையாகிவிட்டது. அதைப் பார்த்து யாராவது பகிடி விட்டால் நான் அடிப்பேன். குறை நினையாத என்று சொல்லவும் மாட்டேன்.