துண்டுக்குள் நடுங்கிய கை

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை, வாணியம்பாடியில் இது தெரியாதவர்கள் யாரும் கிடையாது. பல்லி கத்தினால் பயம், தபால்காரர் வாசலில் நின்றால் பயம். அப்படிப்பட்டவனைத் தேடிப்பிடித்து, முப்பது வயதில், ஆண்டவன் நீரிழிவைக் கொடுத்தான். இன்சுலின் ஊசி நம் பக்கம் வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. மருந்து வந்துவிட்டது என்று மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அந்த ஊசியும் ஒரு பயமாகச் சேர்ந்துகொண்டது.

கண்ணாடி ஊசி சட்டியில் கொதிக்கும்போது என் நெஞ்சும் சேர்ந்து கொதிக்கும். மருந்துக் குப்பிக்கு ஈரத்துணி சுற்றிப் பானையருகில் வைத்துவிட்டு, பூனை தட்டிவிட்டதா என்று போய்ப் போய்ப் பார்ப்பேன். கொல்லையில் எறும்பு வரிசையாகப் போனால் போதும், என் வியாதியைத் தேடித்தான் போகிறது என்று முடிவுகட்டி, குனிந்தபடி பின்னாலேயே போவேன்.

"அது செத்த கரப்பானுக்குப் போவுது. உங்களுக்கு இல்ல. எழுந்து வாங்க," என்பாள் என் மனைவி ரஹீமா.

இப்போது சிரிப்பாகச் சொல்கிறேன். அப்போது அந்தப் பயம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டது, என்னோடு தோல் மண்டிக்கு வந்தது. வெளியே சொல்லி அழவும் வழியில்லை. காரணம் என் தங்கை சுபைதா. தாய் தகப்பன் இல்லாத பெண். 'அந்த வீட்ல சக்கரை வியாதியாம், பரம்பரையா வருமாம்' என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் எவன் வந்து அவளைக் கேட்பான்? ஆகவே வீட்டில் நாங்கள் மூன்று பேர், வெளியே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்த கம்பவுண்டர், இந்த நால்வரைத் தவிர ஒருவருக்கும் விஷயம் தெரியாது.

அந்தக் கம்பவுண்டர் முதல்நாள் வீட்டுக்கு வந்து, "சர்க்கரை பக்கமே போகக் கூடாது" என்று ஆரம்பித்ததும் என் காது அடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் வெகுநேரம் பேசினார். நான் தலையாட்டிக்கொண்டே, நான் செத்தால் ஜனாஸாவுக்கு யார் யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். (மண்டிக்காரர்களில் பாதிப் பேர் தேறினார்கள்.) திரைக்குப் பின்னால் நின்ற சுபைதாதான் கடைசிவரை கேட்டிருக்கிறாள்.

நிற்க. ஆம்பூரிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. பையனின் தகப்பனார் கரீம் பாய், பதனிடாத பச்சைத் தோல் தரகர். பேசி முடிக்க ரயிலில் வருகிறார்கள் என்றார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. பேச்சு முடிந்ததும் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒருவருக்கொருவர் சர்க்கரை ஊட்டுவார்கள். வாய் இனித்தால் சம்பந்தம் உறுதி, அதன் பிறகுதான் சாப்பாடு. வாயை மூடிக்கொண்டால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம்.

நானோ சர்க்கரை பக்கமே போகக் கூடாதவன். சர்க்கரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கொல்லைக்குப் போய்த் துப்பிவிடுவது என்று திட்டம் போட்டேன். (அரிசிமாவை வைத்து ஒத்திகைகூடப் பார்த்தேன். மாவு மூக்கு வழியாக வந்தது.)

சம்பந்தி வீட்டார் வந்ததும் சாப்பாடுதானே என்று நம்பி ஊசியைப் போட்டுக்கொண்டேன். ரயில் நேரத்துக்கு வரவில்லை. விருந்தாளி வருமுன் வீட்டுக்காரன் சாப்பிடலாமா? காத்திருந்தேன். அவர்கள் வந்து சேர்ந்தபோது எனக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்தவர்களெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். சர்க்கரை ஏறிவிட்டது, சாகப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

கரீம் பாய்க்கு ஒரு பழக்கம். தோல் மண்டியில் விலையை வாயால் பேச மாட்டார்கள். இருவர் கைக்கும் மேலே ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள், பிடித்த விரல்தான் கணக்கு. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கரீம் பாய் மீன்காரியிடம்கூடத் துண்டைப் போட்டுத்தான் பேசுவாராம்.

"கல்யாண விருந்து விஷயம் நாலு பேர் எதிர்ல வாணாம் பாய்," என்று தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். எத்தனை ஆடு அறுப்பது என்பதுதான் கேள்வி. என் மனசில் இருந்தது இரண்டு. இரண்டு விரலைப் பிடிக்கத்தான் போனேன். என் கை எங்கே என் பேச்சைக் கேட்டது? கிடுகிடுவென்று ஆடி, அவர் ஐந்து விரலையும் கொத்தாகப் பிடித்து, விட்டு, மறுபடியும் பிடித்தது.

கரீம் பாயின் கண் அகன்றது.

"இன்னா பாய், நிஜமாவா? பத்தா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், நாக்குக் குழறியது. கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"அதுக்கும் ஜாஸ்தியா! மாஷா அல்லாஹ்! மனுஷன்னா இவர்தான் மனுஷன்! கொண்டாங்கப்பா சக்கரையை!"

தட்டு வந்தது. அவர் ஒரு பிடி அள்ளி என் வாயருகே கொண்டுவந்தார். நான் போட்ட திட்டமெல்லாம் எங்கே போயிற்றோ, கம்பவுண்டர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் மண்டைக்குள் நின்றது. பல்லைக் கடித்து வாயை இறுக மூடிக்கொண்டேன்.



"இன்னா பாய் இது?" கரீம் பாயின் முகம் கறுத்தது. "கையைக் குடுத்துட்டு வாயை மூடுறீங்க? எங்களைக் கூப்ட்டு வச்சி அவமானம் பண்றீங்களா?"

எனக்கு அழுகை வந்தது. தங்கையின் வாழ்க்கையை என் கண்ணெதிரிலேயே நான் கெடுத்துக்கொண்டிருந்தேன். உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது.

அப்போது திரை விலகியது. வேற்று ஆண்கள் எதிரில் வந்தறியாத சுபைதா, கல்யாணப் பெண், முக்காடு நழுவ ஓடிவந்தாள். கரீம் பாயின் கையிலிருந்த சர்க்கரையை வாங்கி, என் தாடையை அழுத்தி வாயைத் திறந்து, திணித்தாள்.

"முழுங்குண்ணா! ஊசி போட்டுட்டு சாப்டாம இருந்ததுல சக்கரை கம்மியாய்டிச்சி. நடுங்குனா சக்கரை போடணும்னு கம்பவுண்டர் சொன்னாரே, முழுங்கு!" பிறகு எல்லோரையும் பார்த்து, "எங்கண்ணனுக்கு நீரிழிவு. ஊசி போட்டுக்குறாரு. போதுமா? சம்பந்தம் வாணாம்னா போய்டுங்க. இப்ப கொஞ்சம் தண்ணி குடுங்க!" என்று கத்தினாள்.

தட்டில் பாதி காலியான பிறகுதான் எனக்கு உலகம் ஒன்றாகத் தெரிந்தது. அவள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் அவளுக்காக நான் மூடி வைத்திருந்ததை, எனக்காக அவளே போட்டு உடைத்துவிட்டாள். பாவி நான், அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

திரைக்குப் பின்னால் பையனின் தாயார் குரல் கேட்டது: "வியாதிக்கார வூட்ல பொண்ணு எடுக்கணுமா? யோசனை பண்ணுங்க."

கரீம் பாய் துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னா யோசனை? கை பிடிச்சாச்சு. என் சக்கரை அவர் வாய்க்குள்ள போயாச்சு. யார் ஊட்னா இன்னா? இதுக்கு மேல பேச்சை மாத்துனா நாளைக்கு மண்டியில எவன் என் துண்டுக்குள்ள கைய வுடுவான்?" அப்புறம் என் பக்கம் குனிந்து, "ஆடு மட்டும் கணக்குல இல்ல பாய். நடுங்குன கை பேசுனது செல்லாது," என்றார்.

இரண்டு ஆட்டோடு கல்யாணம் நடந்தது.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் சம்பந்தம் பேசிச் சர்க்கரைத் தட்டு வந்தால், யாராவது ஒரு வாண்டு கத்தும்: "மொதல்ல மாமா வாயைத் திறங்க, அப்பறம்தான் சம்பந்தி!" சுபைதாவின் வீட்டுக்காரர், என் மச்சான், துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, "எத்தினி ஆடு?" என்பார். கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரிப்பேன். சுபைதா மட்டும் சிரிக்க மாட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புறங்கையால் என் நெற்றியைத் தொட்டு, வேர்த்திருக்கிறதா என்று பார்ப்பாள்.