சகலத்துக்கும் கொட்டாங்கச்சிக் கரி

ஒற்றை மருந்துக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. ஊருக்கு ஒருவராவது இருப்பார். பாகூருக்கு வாய்த்தவர் சுப்பராயலு. வெகுகாலம் வாயுத் தொல்லையால் உருண்டு புரண்டவர், புதுச்சேரி மருந்துக் கடையில் கரித்தூள் வாங்கித் தின்று குணமானார். அன்றோடு தொலைந்தது ஊரின் நிம்மதி. வீட்டிலேயே கொட்டாங்கச்சியைச் சுட்டு, இடித்து, சலித்து, மடியில் முடிந்துகொண்டு, ஏர் ஓட்டுகிறவன், மாடு தேடுகிறவன், எவன் எதிர்ப்பட்டாலும் நாக்கை நீட்டச் சொல்லிவிடுவார்.

"கால்ல முள்ளு குத்திடுச்சிண்ணே" என்பான் கரும்பு வெட்டும் பக்கிரி.

"முள்ளு கால்லதான்டா. கோளாறு வயித்துல. இத்தத் தின்னு."

"கரியா?"

"கரின்னு சொல்லாதடா! சர்போன். பிரெஞ்சுக்காரன் மருந்து."

பெயர் மாறினால் நிறம் மாறுமா? ஊரே கறுப்பாகச் சிரித்தது.

அவர் வீட்டில் மட்டும் சிரிப்பில்லை. மனைவி பவுனம்மாளை ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் உலுக்கி எடுத்தது. டாக்டர் வந்து கொயினா மருந்து கொடுத்தார். சுப்பராயலு சும்மா இருப்பாரா? கொயினா தொண்டையைத் தாண்டுமுன் மேலே ஒரு கரண்டி கரி. காய்ச்சல் அசையவில்லை, அவள்தான் துரும்பாக இளைத்தாள். பாவம், பார்க்கச் சகிக்கவில்லை.

மறுபடி வந்த டாக்டர் அவள் நாக்கைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"இன்னாய்யா இது?"

"நம்ம சர்போனுங்க. உங்க மருந்துக்கு ஒத்தாசையா."

"ஒத்தாசையா? வயித்துல இருக்கிற விஷத்த மட்டுமா கரி உறிஞ்சும்? என் கொயினாவையும் சேத்து உறிஞ்சிடுச்சி! இப்படியே குடுத்தா பொம்பள பொழைக்க மாட்டா."

டாக்டர் போனதும் பவுனம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தாள். இடிப்பதற்காகச் சுப்பராயலு சுட்டு வைத்திருந்த கரிமூட்டையை அடுப்படிக்கு இழுத்துப்போனாள். அன்று முதல் அந்தத் தணலில்தான் கஞ்சி வெந்தது. கஞ்சிக்கு மேல் கொயினா மட்டும்.

"இன்னாடி பண்ற?" என்று அலறினார்.

"உன் மருந்தத்தான்யா தீக்கிறேன்."

மூட்டை காலியாவதற்குள் காய்ச்சல் விட்டது. பவுனம்மாள் எழுந்து நடமாடினாள். அவரைத் திட்டவும் தெம்பு வந்தது. நம்மவர் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? மறுநாளே சந்தையில் நின்றார்.

"எம் பொண்டாட்டி குளிர்காய்ச்சலு எதுல நின்னுச்சி தெரியுமா? ஒரு மூட்டை கரி!"

பொய் என்று யார் சொல்வது?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, நேற்று உங்கள் எதிரே ஒருவர் இருமினாரே, அவர் இருமி முடிப்பதற்குள் மருந்து சொன்னவர் யார்? எங்கே, கொஞ்சம் நாக்கை நீட்டுங்கள்.