போட்டோவில் ஷேடு பார்ப்பவர்

எங்கள் திருப்பூரில் துணி ரகத்துக்கும் பஞ்சமில்லை, மனித ரகத்துக்கும் பஞ்சமில்லை. அதில் புதிதாக வந்து இறங்கியிருப்பது 'ஏஐகிட்டக் கேட்டுட்டனுங்க' ரகம். பார்த்திருப்பீர்கள். சட்டைப் பையில் போன் நிற்காது, கையில்தான் இருக்கும். நாம் ஒரு சங்கடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் அதைப் போனிடம் சொல்லிப் பதிலும் வாங்கியிருப்பார். நம் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார்.

நல்லூர் மகுடேஸ்வரனை எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் முதலாளி. துணி செக்கிங் மெஷினுக்கு மேலே கேமரா மாட்டி, ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க்கறை எல்லாம் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுக்கும்படி செய்தார். நல்ல காரியம், யார் இல்லையென்றது? ஆனால் அன்றைக்கு மனுசனுக்கு ஏறியது இன்னும் இறங்கவில்லை. கல்யாணப் பந்தியில் பொரியலைப் போட்டோ எடுத்து உப்பு அதிகமா என்று கேட்பார், மச்சினன் தோட்டத்துத் தென்னை ஓலையைப் போட்டோ எடுத்து வைத்தியம் சொல்லி மரத்தையே காயவிடுவார், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் கையெழுத்தைக் கேட்டு வாங்கி குணம் பார்த்ததாகவும் கேள்வி. எவனாவது மறுத்துப் பேசினால் ஒரே பதில்தான்: "நான் சொல்லலீங்க, ஏஐ சொல்லுது." பழி போடவும் ஆள் கிடைத்தாயிற்று!

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மகுடேஸ்வரன் யாரையும் நம்பமாட்டார். ஷேடு, அதாவது துணியில் ஏறிய சாயத்தின் நிறம். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணித்துண்டை, ஆர்டர் கொடுத்த பையர் தந்த மாதிரித் துண்டோடு சேர்த்து லைட் பாக்ஸுக்குள் வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் போட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்த பிறகுதான் சரி என்பார். அவசரத்துக்குக் கலரைப் போட்டோ எடுத்து வாட்சப்பில் அனுப்பிய சாயக்காரர்கள் வாங்கிய வசவு இந்தப் பக்கத்தில் எழுதக்கூடியதல்ல.

இப்படியிருக்க, மடத்துக்குளத்தில் கட்டிக்கொடுத்த தங்கை சத்யப்பிரியாவுக்கு மார்பில் ஒரு கட்டி. கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்துப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். இப்போதைக்குச் சின்னது, தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று நாளும் குறித்தார்கள். அந்த லேபிலும் கம்ப்யூட்டர் இருந்தது. ஆயிரமாயிரம் சதைத் துண்டுகளின் படத்தைப் பார்த்துப் பழகிய டீப் லேர்னிங் சாஃப்ட்வேர். சந்தேகமான இடத்தை அது குறித்துக் கொடுக்கும், லேப் டாக்டரம்மா தானும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்தம்மா பொறுமையாக எல்லாம் விளக்கினார்: சதைத் துண்டுக்கு ரோஸும் ஊதாவுமாகச் சாயம் ஏற்றித்தான் பார்க்கிறோம், லேபுக்கு லேப் சாயம் கொஞ்சம் மாறும், ஓரிடத்துக் கலரைப் பார்த்துப் பழகிய மெஷின் இன்னோர் இடத்துக் கலரில் தடுமாறும், அதனால் எங்கள் படங்களை வைத்துச் சோதித்த பிறகே அதை நம்புகிறோம் என்றார். சாயம் என்று கேட்டதுமாவது நம் ஆளுக்கு உறைத்திருக்க வேண்டாமா? கம்ப்யூட்டர் என்ற வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் காற்றில் போயிற்று.

திரும்பி வரும் வழியில், ஓடுகிற காருக்குள், ரிப்போர்ட்டில் அச்சடித்திருந்த அந்த ரோஸ் படத்தை மடியில் வைத்துப் போட்டோ எடுத்தார். ஒரு பக்கம் வெயில் பளபளப்பு, மறுபக்கம் அவர் கட்டைவிரல் நிழல். ஏதோ குரூப்பில் வந்த ஆப்பில் ஏற்றினார். புற்று இல்லை, தொண்ணூற்றாறு சதவீதம் என்றது ஆப்பு. எந்த லேபின் படத்தைப் பார்த்து அது பழகியதோ, படத்தைப் பார்த்ததோ கட்டைவிரலைப் பார்த்ததோ, யாருக்குத் தெரியும்! "துணியில ஓட்டை கண்டுபிடிக்கிறது ஒடம்புல கண்டுபிடிக்காதா அம்மணி? இவங்களுக்குக் கத்தி வெக்கறதே பொழப்பு" என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஆபரேஷனை நிறுத்தினார்.

சத்யப்பிரியாவின் புருஷன் தரணீதரன் மச்சான் முன்னால் வாய் திறக்காத நல்லவர். இப்படிப்பட்ட நல்லவர்களால்தான் பாதிக் குடும்பம் கெடுகிறது. அவளும்தான் நம்பினாள். பயந்து கிடக்கிறவளுக்கு 'ஒன்றுமில்லை' என்பதைவிட இனிப்பான சொல் எது? மாதங்கள் போயின. கட்டி வளர்வது அவள் கைக்குத் தெரிந்தது, அண்ணனிடம் சொல்லத்தான் பயம்.

ஒருநாள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு நல்லூருக்கு வந்தாள். அங்கே சாயப்பட்டறை மாரப்பன் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார். மெரூன் கலரைப் போனில் அனுப்பிவிட்டாராம். மகுடேஸ்வரன் தாண்டவமாடிக்கொண்டிருந்தார். போனுக்குப் போன் கலர் மாறும், வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும், இதுகூடத் தெரியாமல் என்ன தொழில் என்றெல்லாம் கேட்டுவிட்டு முடிவாக ஒரு போடு போட்டார்: "போட்டோவுல ஷேடு பாக்கறவனெல்லாம் ஒரு பனியன்காரனா?"

சத்யப்பிரியா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏனுங்ணா," என்றாள் மெதுவாக, "பனியன் துணிக்கு ஆகாதுங்கறீங்க. என்னோடதை மட்டும் போட்டோவுல பார்த்தீங்களே."

மாரப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த ஒருவர் கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். கட்டி பெரிசாகிவிட்டது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அண்ணனின் காரையும் எதிர்பார்க்காமல் பஸ் ஏறினாள்.

கட்டியை மட்டும் எடுப்பதோடு முடிந்திருக்க வேண்டியது. அக்குள் வரை பரவியிருந்தது. மார்பையே எடுத்தார்கள். மருந்து ஏற்றியதில் முடியெல்லாம் கொட்டிப்போனது. பிழைத்துக்கொள்வாள் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள்; பிழைக்கட்டும். மகுடேஸ்வரன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். நிஜமாகவே அழுதார், அதில் கலப்படம் இல்லை. எனக்கே மனசு இளகி, சரி, ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த தடவை நான் அவளைப் பார்க்கப் போனபோது அதே வராந்தாவில், யாரோ ஒருவரின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த ஆப்பு சரியில்லீங்க. இப்ப வேற ஒண்ணு போட்டிருக்கறனுங்க."

இதைப் படிக்கும்போது உங்கள் மாமாவோ சித்தப்பாவோ ஒருவர் முகம் கண்ணில் வந்திருக்குமே? அவருக்கு அனுப்ப இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுக்கக் கையும் போயிருக்கும். தாராளமாக எடுங்கள். எடுத்த கையோடு அதே போனில் பழைய படங்களைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். உங்கள் ரத்த ரிப்போர்ட் ஒன்று அங்கே கிடக்கும். அதை டாக்டருக்கு முன்னால் யாரிடம் காட்டினீர்கள்?