பத்தொன்பது தலைப்பாகைகள்

நாட்டுல இருக்குற அத்தனை வயசானவங்களையும் ஒரே மீட்டிங்ல காப்பாத்த முடியும்னு சொன்னா நம்புவீங்களா? நான் கண்ணால பார்த்தேன். அல்சூர்ல, மூணாவது மாடியில, ஏசி ரூம்ல.

தேசிய முதியோர் பராமரிப்புத் திட்டத்தோட 'முன்னோடி' ஆபீஸ் அது. தேசத்துக்கே முன்னோடியான அந்தத் திட்டத்துல பராமரிக்கிற ஆளுங்க மொத்தம் பத்தொன்பது பேர். நானும் ஒருத்தன். ஆரணியிலேர்ந்து வந்து ஆறு வருஷம் ஆச்சு. இந்த ஊர்ல என்கிட்ட தினம் பேசுற ஒரே ஆள், ரிச்சர்ட்ஸ் டவுன் கிளிஃபர்ட் அங்கிள். வயசு எண்பத்திரெண்டு. இடுப்பு உடைஞ்சதுலேர்ந்து தானா எழுந்திரிக்க முடியாது. காலையில ஏழு மணிக்கு நான் போய்த் தூக்கி, பாத்ரூம் கூட்டிட்டுப் போகணும். கொஞ்சம் லேட்டானா, "இன்னும் அஞ்சு நிமிஷம் போனா டேம் தானா திறந்துக்கும் மேன், கோர்ட் ஆர்டரே வேணாம்"பாரு.

மீட்டிங்குக்கு என்னையும் 'களப் பிரதிநிதி'யா கூப்பிட்டிருந்தாங்க. ஓரத்துல ஒரு சேர், ரெண்டு பிஸ்கட்.

டைரக்டர் சீனிவாசராகவன் சார் தொண்டையைச் செருமிக்கிட்டாரு. "திட்டத்துக்கு நிதி முடியப் போகுது. டெல்லி இன்னும் மூணு வருஷத்துக்குத் தரணும்னா, நாம எவ்வளவு நல்லா பராமரிக்கிறோம்னு அவங்க கண்ணுல படணும்."

ஆலோசகர் ஸ்னேஹா மேடம் ஒரு ஸ்லைடு போட்டாங்க. 'பராமரிப்பாளரைப் பராமரித்தல்.' அதாவது சன்மான விழா. இந்த ஊர்ல யாரு என்ன செஞ்சாலும் மைசூர் தலைப்பாகை கட்டி, சால்வை போத்தி, பழக்கூடை குடுப்பாங்க. ஒண்ணும் செய்யாதவங்களுக்குக் கூடை கொஞ்சம் பெரிசா இருக்கும்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு. சீஃப் கெஸ்ட்டுக்குப் பத்தரைக்கு ஃப்ளைட்டு" அப்படின்னாரு சார்.

நான் எழுந்து நின்னேன். "சார், ஏழு மணிக்கு நாங்க அவங்களைத் தூக்கணுமே."

'ஆக்கபூர்வமான கருத்து'ன்னு மினிட்ஸ்ல எழுதிக்கிட்டாங்க.

"நான் மட்டும் வரலையே சார்."

"பத்தொன்பது தலைப்பாகை வந்து இறங்கிடுச்சு சுந்தரம். தலை பதினெட்டுதான் இருந்துச்சுன்னா ஆடிட்ல என்ன சொல்றது?"

"அப்போ அங்கிளை யாரு சார் தூக்குவாங்க?"

ஸ்னேஹா மேடம் கனிவா கேட்டாங்க. "அவருக்கு ஃபேமிலி இல்லையா?"

"பொண்ணு இருக்காங்க மேடம். மெல்போர்ன்ல."

"சூப்பர். லிங்க் அனுப்பிடுங்க. வீடியோல அப்பா கூடவே இருக்கட்டும். இதுக்குப் பேரு டிஜிட்டல் உடனிருப்பு."

"வீடியோ தூக்காதே மேடம்."

"அது திட்டத்தோட ஃபேஸ் டூல வரும்."

சார் என் தோள்ல கை போட்டாரு. வராதவங்க பேரு அடுத்த லிஸ்ட்ல இருக்காதுன்னு ரொம்ப மரியாதையா சொன்னாரு. என் பேரு போனா அங்கிளுக்கு வேற ஆளு கிடையாது. சரின்னுட்டேன்.

சாயங்காலம் அங்கிள்கிட்ட சொன்னேன். "நாளைக்கு லேட்டாகும் அங்கிள். விழா."

"யாருக்கு மேன்?"

"எனக்குத்தான். உங்களை நல்லா பார்த்துக்கிறேன்னு."

கட்டில் ஆடுற அளவுக்குச் சிரிச்சாரு. அப்புறம் பக்கத்துல இருந்த தண்ணி டம்ளரை என் பக்கம் தள்ளினாரு. "எடுத்துட்டுப் போ. இன்னிக்கு நான் ஒண்ணும் குடிக்கலை."

மறுநாள் காலையில ஏழரைக்கு எனக்குத் தலைப்பாகை கட்டினாங்க. வருஷா வருஷம் இதே விழாவை நடத்துறதுக்கு டெல்லி நிதி ஒதுக்கிடுச்சுன்னு மேடையிலேயே அறிவிச்சாங்க. நானும் கைதட்டினேன். ஆடிட்டுக்குத் தலை எண்ணி, ஃபோட்டோ எடுத்து முடிச்சு, நான் ரிச்சர்ட்ஸ் டவுன் போய்ச் சேர்றப்ப மணி பதினொண்ணே கால். அங்கிள் நனைஞ்ச படுக்கையில கிடந்தாரு. மத்த பதினெட்டு வீட்டுலயும் அப்படித்தான் கிடந்தாங்க.