ரயில் வரப்போகும் இடம்

இனி குடிபோனால் சொந்த வீட்டுக்குத்தான் என்று என் வீட்டுக்காரர் சபதம் போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. வீரத்தில் போட்ட சபதம் இல்லை. பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருந்தது டிப்போ கொடுத்த வீடு. இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது.

வேலை அவரை விட்டுவிட்டது. அவர் கைக்கடிகாரத்தை விடவில்லை. கடல் தாண்டி இருக்கிற மகன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். வைத்ததும், "பதினோரு நிமிஷம் பேசினான்" என்பார். மகள் வேறு ஊரில். அவள் ஏழு நிமிஷம். மிச்ச வாரம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் நாலு சுவரும்.

"வீடு முக்கியமில்லடி. இடம்தான் முக்கியம்."

"வீட்டுக்குள்ளதானேங்க இருக்கப் போறோம்?"

"இதான் உன் பார்வை. வீட்டை இடிச்சுக் கட்டலாம். இடத்தை நகர்த்த முடியுமா?"

முடியாதுதான். முப்பத்தைந்து வருஷமாக இவரையே என்னால் நகர்த்த முடியவில்லை.

என் மனசில் ஒரு வீடு இருந்தது. நான் பிரார்த்தனைக்குப் போகிற வழியில், தொடக்கப் பள்ளிக்கு எதிரே ஒரு மாடி வீடு. விலை குறைவு. மணிச் சத்தம், பிள்ளைகள் சத்தம் என்று பயந்து யாரும் வாங்கவில்லை. நான் அந்த ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டிருக்கிறேன். முன்னூறு குழந்தைகள் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டால் மனசுக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா?

"பைத்தியமா உனக்கு? சத்தம் இருக்கற இடத்துல விலை ஏறாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவருக்குத் தரகர் காட்டியது ஊருக்கு வெளியே ஒரு மனைப்பிரிவு. கண்ணுக்கெட்டிய தூரம் கல் நட்டிருந்தது. நடுவில் மாதிரி வீடு என்று ஒன்றே ஒன்று.

"சார், இப்ப இது பொட்டல். அஞ்சே வருஷம். இதோ இங்க ரயில் நிலையம். அதோ அங்க ஆஸ்பத்திரி."

தரகர் கை நீட்டிய இடத்திலெல்லாம் எனக்குக் காற்றுதான் தெரிந்தது. இவருக்கு ரயில் தெரிந்தது. ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தே விட்டார்.

"மூணு மடங்கு ஏறும், இவளே!"

"யாருக்குங்க?"

"பிள்ளைங்களுக்குத்தான்!"

"அவங்க இங்க வருவாங்களா?"

"ரயில் வந்தா வருவாங்க."

சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதனால் நான் மேலே கேட்கவில்லை.

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமும் இல்லை. "உங்க இஷ்டம்" என்றேன். "ஒண்ணே ஒண்ணு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்த மாதிரி வீட்டுல மூணு நாள் தங்கிப் பார்ப்போம். நல்ல இடமா அமையணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். அந்த மூணு நாளும் வாயே திறக்காம பிரார்த்தனை பண்ணணும்."

"நீ? பேசாம? மூணு நாளா?"

பதவி உயர்வு வந்தபோதுகூட அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை. தரகரும் சாவியைக் கொடுத்துவிட்டார். இரண்டு பை சாமானோடு போய் இறங்கினோம்.

முதல் நாள் காலை பால் வாங்கப் போனார். "நடந்து முப்பத்தெட்டு நிமிஷம். உடம்புக்கு நல்லது" என்றார். தலையாட்டினேன்.

"என்ன அமைதி! இதுக்கே தனியா விலை வைக்கலாம்." தலையாட்டினேன்.

"காத்து பாரு, காத்து!" அதற்கும் ஆட்டினேன்.

சாயங்காலம் மகனுக்குப் போன் போட்டார். அவன் வேலையில் இருந்தான். "நாற்பது விநாடி" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தை பேசேன். கடவுள் கோவிச்சுக்க மாட்டார்."

கண்ணை மூடிக்கொண்டேன்.

"பேச வேண்டாம். திட்டவாவது திட்டு!"

மூடியது மூடியபடி இருந்தேன். எழுந்து வெளியே போய்விட்டார். ரொம்ப நேரமாக ஆளைக் காணோம் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நட்ட கல்வரிசைக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் கடிகாரம்.

"எட்டாம் நம்பர் புறப்படலாம்! பன்னிரண்டு... ஏன்யா லேட்டு? கேக்கறேன்ல?"

பதில் சொல்ல அங்கே எந்த டிரைவரும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது. இத்தனை நாளும் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "ஏங்க" என்று கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் அரை மணி நேரம் பொறுத்தேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

உள்ளே வந்தார். தொண்டையைச் செருமினார்.

"யோசிச்சுப் பார்த்தேன். ரயில் வர்றப்ப வரட்டும். மனுஷன் இருக்கற இடம்தான் இடம். அந்தப் பள்ளிக்கூடத்து எதிர் வீடு, அதை யாரும் கேக்காதப்பவே வாங்கிப் போடறதுதான் புத்திசாலித்தனம். இது என் யோசனை. தெரியுதா?"

பலமாகத் தலையாட்டினேன்.

அன்றைக்கே போனோம். மாடி திறந்தே கிடந்தது. பள்ளி விடுகிற நேரம். தெருவே அலறியது. இவர் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "காவலாளி! மணி ரெண்டு நிமிஷம் லேட்டா அடிக்கிறீங்க!" என்றார்.

"அதைக் கேக்க நீங்க யார் சார்?"

"நான் யாரா? முப்பத்திரண்டு வருஷம் டிப்போவுக்கே நேரம் சொன்னவன்!"

"இது டிப்போ இல்ல சார், பள்ளிக்கூடம்!"

"நேரம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்யா!"

இருபது நிமிஷம் சண்டை. இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அப்போது வீட்டுக்காரம்மா படியேறி வந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"வாங்கம்மா! போன வாரம் ஜன்னலுக்கெல்லாம் அளவெடுத்துட்டுப் போனீங்களே, திரை தைச்சு முடிச்சாச்சா?"

இவர் ஜன்னலிலிருந்து மெல்லத் திரும்பினார். "போன வாரமா? எப்படி இவளே?"

மௌனத்தில் இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. உதட்டின் மேல் விரலை வைத்தேன், கண்ணை மூடினேன், பிரார்த்தனையைத் தொடர்ந்தேன்.