மேல்மாடி மண்டையோடுகள் பற்றிய முறைப்பாடு

பேணாட்,
உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய மஹ்ரூப் ஹாஜியார் அவர்களுக்கு,

கிண்ணியாவில் தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே தங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் நானும் மனைவி இன்பமலரும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மேல்மாடியில் நீங்கள் குடிவைத்த நதீஷா பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பிக்கிறவள், அமைதியான பிள்ளை என்று சொன்னீர்கள். அமைதிதான். மண்டையோடுகள் சத்தம் போடுமா? படிக்கட்டு முழுக்கச் சாந்தில் வார்த்த மண்டையோடுகள். ஆதிகாலத்து ஊர்வனவற்றை எலும்பு பார்த்துப் பிரிப்பதுதான் ஆராய்ச்சியாம். கண்குழிக்குப் பின்னால் ஓட்டையே இல்லாதது ஒரு கூட்டம், ஒரு ஓட்டை உள்ளது இன்னொரு கூட்டம், இரண்டு ஓட்டை உள்ளது மூன்றாவது கூட்டம். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் செத்ததுகளின் ஓட்டையை எண்ண எங்கள் குசினிதானா கிடைத்தது?

குசினி இரண்டு வீட்டுக்கும் பொது என்று நீங்கள் செய்த ஏற்பாட்டால் வந்த வினை இது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த இன்பமலர், அடுப்பில் ஒரு பானையில் ஆட்டுத்தலை அவிவதைக் கண்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீங்கள் அனுப்பியதாக்கும் என்று மிளகாய்த்தூள் போட்டுக் கறியாக்கிவிட்டாள். நானும் உங்களை வாழ்த்திக்கொண்டே சாப்பிட்டேன். பாதியில் நதீஷா ஓடிவந்தாள்.

"அன்ரி, என்ர ஆட்டுத்தலை எங்க? பிள்ளையளுக்குப் படிப்பிக்க, எலும்பை எடுக்க அவிய வச்சனான்!"

என் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து எலும்பைத் தூக்கிக் கழுவி, என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அங்கிள், இஞ்ச பாருங்கோ. கண்ணுக்குப் பின்னால ஒரு ஓட்டை. அந்தப் பழைய ஒற்றை ஓட்டைக் கூட்டத்தில இருந்துதான் ஆடும் வந்தது, நீங்களும் வந்தனீங்கள்."

வாய் நிறையக் கறியோடு இருக்கிற மனுசனிடம் சொல்கிற கதையா இது? மிச்சத்தை என்னால் விழுங்க ஏலவில்லை.

மறுநாள் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பாதர் வந்திருந்தார். நதீஷா மன்னிப்புக் கேட்க வந்தவள், கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். என் கதிரையிலேயே உட்கார்ந்து பாதருக்கும் தொடங்கிவிட்டாள்.

"மனுசருக்கும் ஓட்டை இருக்கோ, பிள்ளை?" என்று பாதர் கேட்டார்.

"ஓம் பாதர். காதுக்கு முன்னால, கன்னப்பொறியில கைய வச்சுக்கொண்டு பல்லைக் கடியுங்கோ. அசையுதல்லோ? அந்தத் தசை அந்த ஓட்டைக்குள்ளாலதான் தாடைக்குப் போகுது."

செபம் நின்றுபோய், பாதரும் இன்பமலரும் தலையைப் பிடித்தபடி பல்லை நறநறவென்று கடிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பரீதா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பின்னேரத்துக்குள் உப்புவெளி வரைக்கும் கதை போய்விட்டது: பேணாட் வீட்டில் பேய், துரத்த வந்த பாதரையும் பிடித்துவிட்டதாம்! இப்போது மீன்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்துவதில்லை. கோயிலில் நாங்கள் உட்காரும் வாங்கில் ஒருவரும் இருக்கிறார்களில்லை. துறைமுகத்தில் இத்தனை காலம் மரியாதையாக வேலை பார்த்த எனக்கு இதுவும் வேண்டுமா? இந்த மாத முடிவுக்குள் அவளை வீட்டைவிட்டு எழுப்புங்கள். இல்லாவிட்டால் நாங்கள் எழும்புவோம்.

தங்களுக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளையும், மண்டையோடு சேர்க்காத குடியிருப்பாளரையும் தரட்டும்.

தணியாத கோபத்துடன்,
பேணாட்,
ஓய்வுபெற்ற துறைமுகக் களஞ்சிய எழுதுவினைஞர்.

பி.கு.: இதைத் தபாலில் போடப் புறப்பட்டபோது, நதீஷா படிக்கட்டில் ஒரு கடலாமை மண்டையோட்டை வைத்துக்கொண்டிருந்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணுக்குப் பின்னால் ஒரு ஓட்டையும் இல்லை. "அப்ப இது முதலாம் கூட்டம்" என்றேன். "இல்லை அங்கிள், ரெண்டு ஓட்டைக் கூட்டத்திலதான் சேரும். காலப்போக்கில ஓட்டை மூடுபட்டிட்டுது" என்கிறாள்! களஞ்சியத்தில் பெட்டியைத் திறந்து, இல்லாத சரக்கை ஒருகாலம் இருந்தது என்று நான் பதிந்திருந்தால் விட்டிருப்பார்களா? மத்தியானச் சாப்பாடு ஆறும்வரை வாதாடினோம். இன்பமலர் அவள் பக்கம் சேர்ந்துவிட்டாள். ஆமை முதலாம் கூட்டம்தான் என்று நதீஷா தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குமுன் அவளை எழுப்பினீர்களோ, ஹாஜியார், நான் உங்களோடு கதைக்கவே மாட்டேன்.