ஆட்டுக்கு எத்தனை கால்?

"ஆட்டுக்கு எத்தனை கால்?"

பன்னிரண்டு குழந்தைகளும் துரைக்கண்ணுவையே பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

போளூரிலிருந்து இந்த மலைக் கிராமத்துச் சத்துணவு மையத்துக்கு அவர் வந்து ஐந்து மாதம். தினம் ஒரு சத்துமாவு உருண்டை, மாதம் ஒருமுறை இதே கேள்வி. சத்து ஏறினால் புத்தி ஏறும் என்று காட்ட வேண்டியது அவர் வேலை. முதல் மாதம் எல்லாக் குழந்தைகளும் பதில் சொன்னார்கள். அடுத்த மாதம் நாலு பேர். அப்புறம் யாருமே இல்லை. எடை மட்டும் ஏறியது.

'உருண்டை கொடுத்துப் புத்தியைக் குறைத்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான்' என்று நொந்துகொண்டார்.

இன்றும் பதில் வராவிட்டால் மையத்தை மூடப்போகிறார்கள். சோதித்துப் பார்க்க வரும் அதிகாரியம்மாவின் ஜீப் கீழே வளைவில் முனகிக்கொண்டிருந்தது.

"கேள்வி கஷ்டமா இருக்குதா மாதம்மா?" என்று சமையல்காரியைக் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல சார்." அவள் பரிவோடு பார்த்தாள். "நீங்க மனச வுட்டுடாதீங்க."

துரைக்கண்ணு கரும்பலகையில் ஆடு வரைந்தார். வால் தரைவரை இறங்கி, ஐந்தாவது கால் போல ஆகிவிட்டது. குழந்தைகள் பெருமூச்சு விட்டார்கள்.

வேறு வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையையும் காலையும் ஊன்றினார்.

"மே... மே... எண்ணுங்க கண்ணுங்களா!"

நாலு வயசுப் பாஞ்சாலைக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன மிஸ்டர் துரைக்கண்ணு இது?" வாசலில் அதிகாரியம்மா.

"ஆடுங்க, மேடம்," என்றார், எழுந்திருக்கவும் மறந்து.

அதிகாரியம்மா பாஞ்சாலையிடம் குனிந்தார். "ஆட்டுக்கு எத்தனை கால்னு உனக்குத் தெரியாதா பாப்பா?"

"நாலு."

"அப்ப ஏன் சார் கேட்டா சொல்றதில்ல?"

பாஞ்சாலை தன் உருண்டையைத் துரைக்கண்ணுவின் வாயருகே நீட்டியபடி, அதிகாரியம்மாவிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"எத்தினி வாட்டி சொல்லிக் குடுத்தாலும் மாசாமாசம் மறந்துடறாரு யக்கா, பாவம்... சாருக்கு மட்டும் தெனம் ரெண்டு உருண்டையா குடுங்க!"